மறைந்திருந்த கோணம்: ஒரு கண்ணோயின் வரலாறு தரும் பாடம்

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதுவோர் உளர். கருவிகளின் வரலாறாக எழுதுவோரும் உளர். ஒரு கருவி எப்போது தோன்றிற்று, எவருடைய கைவண்ணத்தால் தோன்றிற்று என்னும் வினாக்களுக்கு அவ்வரலாறுகளில் விடை கிடைக்கும். ஆனால், அக்கருவியின் முன்னே அமர்த்தப்பட்டவர் யார், அமர்த்தப்படாது விடப்பட்டவர் யார் என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகின்றது. கண்ணோய் ஒன்றின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

அந்நோய் மூடுகோணக் குளுக்கோமா. குளுக்கோமா என்பது பார்வை நரம்பு படிப்படியாக அழிந்துபோகும் நோய். கண்ணினுள் மிகும் அழுத்தம் அதன் காரணிகளுள் தலையாயது. கண்புரையாலே பார்வை இழந்தவருக்குச் சத்திரசிகிச்சை அதனை மீட்டுத் தருகின்றது. குளுக்கோமாவால் இழந்த பார்வையோ மீள்வதில்லை. எனவே, நோயை வேளைக்கே கண்டறிதல் இங்கு வாழ்வா இருளா என்னும் அளவுக்கு முக்கியமாகின்றது.

நோய் உண்டாகும் விதத்தை விளக்க எமது ஊர்க் குளமொன்றை உவமையாகக் கொள்ளலாம். குளத்திற்கு வாய்க்கால் வழியே நீர் ஓயாது வந்துகொண்டிருக்கின்றது. மதகு வழியே வெளியேறுகின்றது. வரத்தும் போக்கும் ஒத்திருக்கும்வரை அணைக்கட்டுக்கு ஆபத்தில்லை. மதகு அடைபட்டால் நீர்மட்டம் உயர்ந்து கட்டு நெரிபடும். கண்ணிலும் கதிராளிக்குப் பின்னே நீர்மய உடனீர் இடையறாது சுரக்கின்றது. அது கண்மணியினூடாக முன்னறைக்கு வந்து, விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் ஒடுங்கிய மூலையிலுள்ள வலைபோன்ற இழையத்தினூடாக வடிகின்றது. அந்த மூலையே வைத்தியர் கூறும் கோணம். அதுவே கண்ணின் மதகு. கதிராளி முன்தள்ளி இம்மதகை அடைக்கும்போது தோன்றுவது மூடுகோண நோய். மதகு திறந்திருந்தும் அதனுள்ளேயே வடிகால் தளர்வதால் தோன்றுவது திறந்தகோண நோய். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. ஆதலால் ஒருவரது கோணம் திறந்துள்ளதா மூடியுள்ளதா என அறியாது செய்யப்படும் மருத்துவம் குருட்டு மருத்துவமாகவே இருக்கும்.

ஐரோப்பியக் கண்வைத்தியம் நெடுங்காலம் இந்தக் குருட்டு நிலையிலேயே இருந்தது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தமது கண்நோக்கியை உலகுக்கு அறிவித்தார். உயிருள்ள மனிதனின் விழித்திரையும் பார்வை நரம்பின் தலையும் அதன்பின் வைத்தியரின் பார்வைக்கு எட்டின. 1857இல் பேர்லின் வைத்தியரான அல்பிரெக்ட் பொன் கிரேஃப, கதிராளியின் ஒரு துண்டினை வெட்டியகற்றினால் குளுக்கோமா தணியுமென அறிவித்தார். அதுவரை கைவிடப்பட்டிருந்த நோயாளர் பலர் அதனாற் பார்வை காத்தனர். ஆயின், கண் சிவந்து வலியால் துடித்தவர்களுக்குப் பயன்பட்ட அதே சிகிச்சை, அரவமின்றி வளர்ந்த வேறுவகை நோயில் பெரும்பாலும் பயன்படவில்லை. ஏன் என்பதைக் கூற கிரேஃபவால் இயலவில்லை. மதகைக் காணாமலே குளத்தைத் திருத்தியவர் அவர்.

1876இலும் 1877இலும் முறையே மாக்ஸ் கினீஸ், அடொல்ஃப் வேபர் ஆகியோர், அகற்றப்பட்ட கண்களை அறுத்துச் சோதித்து, நோயுற்ற கண்களிற் கோணம் அடைபட்டுக் கிடந்ததைக் கண்டனர். பேர்மிங்ஹம் நகர வைத்தியரான பிறிஸ்லி சிமித், வயது ஏறஏறக் கண்வில்லை பருக்கின்றது என்பதை அளந்து காட்டி, பருத்த வில்லை முன்னறையை நெருக்குவதே நோய்க்குத் தூண்டுகோல் என வாதிட்டார். இக்கூற்றை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அது புதிய வடிவில் மீண்டு வருவதைக் காண்போம்.

இக்காலத்தின் மருந்துக் கதையும் குறிப்பிடத்தக்கது. மேற்கு ஆபிரிக்காவின் கலபார்ப் பகுதியிலே, குற்றஞ்சாட்டப்பட்டோரைச் சோதிக்க ஒரு நச்சு அவரையை உண்பிக்கும் வழக்கம் இருந்தது. அந்த விதை மிசனரிமார் வழியாக எடின்பரோ நகரை அடைந்தது. அதன் சாரம் கண்மணியைச் சுருக்க வல்லது என்பது அங்கே அறியப்பட்டது. 1876இல் லுட்விக் லாக்கர் என்னும் வைத்தியர் அதனைக் குளுக்கோமாவுக்கு மருந்தாகப் பயன்படுத்தினார். அவர்தாமே அந்நோயுற்றிருந்தவர். ஆபிரிக்க மக்களின் அறிவு ஐரோப்பியக் கண்களைக் காத்த வரலாறு இது. நூல்களில் வைத்தியரின் பெயர் நின்றது. விதையை அறிந்திருந்த மக்களின் பெயர் நிற்கவில்லை.

அறுத்த கண்ணிற் கண்ட கோணத்தை உயிருள்ள கண்ணிற் காண்பதற்குத் தடையாக நின்றது பௌதிக விதியொன்று. கோணத்திலிருந்து புறப்படும் ஒளி, விழிவெண்படலத்தின் உட்புறத்தை மிகச் சாய்வாகச் சென்றடைகின்றது. அவதிக்கோணத்தை மீறிய அவ்வொளி வெளியேற இயலாது உள்ளேயே தெறித்துவிடுகின்றது. உயர்தர வகுப்பு மாணவர் அறிந்த முழுவுட்தெறிப்பே இது. கண்ணுக்கு ஒளியூட்டும் விதியே கண்ணின் ஒரு மூலையை மனிதனிடமிருந்து மறைத்து வைத்திருந்தது எனலாம்.

கொன்ஸ்தாந்திநோப்பிளிற் பணியாற்றிய கிரேக்க வைத்தியரான அலெக்சியோஸ் திரந்தாஸ், 1899ஆம் ஆண்டளவில், கண்ணின் ஓரத்தை விரலால் அழுத்தி, வழமைக்கு மாறாகப் புடைத்திருந்த விழியொன்றிற் கோணத்தைக் கண்டார். கோணநோக்கல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை இத்துறைக்குச் சூட்டியவரும் அவரே. அவுஸ்திரியாவின் கிராஸ் நகரில் மக்சிமிலியன் சால்ஸ்மன், 1914–1915ஆம் ஆண்டுகளில், கண்ணின்மீது கண்ணாடி வில்லையொன்றை வைத்தால் முழுவுட்தெறிப்பு நீங்குமெனக் காட்டினார். 1919இல் கெப்ப, 1925இல் மெக்சிக்கோவில் பிறந்த உரீபே திரொன்கொசோ, 1938இல் பேர்ண் நகரின் கோல்ட்மன் ஆகியோர் அம்முறையைத் திருத்தினர். கோல்ட்மன் வில்லைக்குள் ஓர் ஆடியைப் பொருத்தினார். நோயாளியை இருக்கையில் அமர்த்தியபடியே கோணத்தைப் பார்க்க அதனால் முடிந்தது.

கோணம் கண்ணிற்பட்டதும் நோயின் வகைப்பாடே மாறிற்று. சான் பிரான்சிஸ்கோ வைத்தியரான ஒட்டோ பார்க்கன், 1930களின் பிற்பகுதியில், நோயாளரின் கோணத்தை நோக்கி, குளுக்கோமாவைக் கோணம் திறந்தது, ஒடுங்கியது என இரண்டாகப் பிரித்தார். 1920இலேயே எட்வர்ட் கரன், கண்மணியினூடாக நீர் வருவது தடைப்படுவதால் அது பின்னே தேங்கிக் கதிராளியை முன்தள்ளுகின்றது எனவும், கதிராளியில் ஒரு துளையிட்டால் நீருக்கு மாற்றுவழி கிடைக்கும் எனவும் கூறியிருந்தார். இரண்டு கருத்துகளும் இணைந்தபோது கிரேஃபவின் புதிர் அவிழ்ந்தது. அவருடைய சிகிச்சை யாருக்கு உதவிற்று, யாருக்கு உதவவில்லை என்பது எண்பது ஆண்டுகளின்பின் விளங்கிற்று.

வரலாற்றை இவ்விடத்தில் நிறுத்தினால் அது வெற்றிக் கதையாகவே முடியும். ஆனால், இதுவரை கூறிய ஆய்வுகள் யாவும் வைத்தியசாலைக்கு வந்த நோயாளரை வைத்தே செய்யப்பட்டவை. வந்தவர்கள் வலியால் வந்தவர்கள். கண் சிவந்து, தலை பிளக்க, வாந்தி எடுத்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் கண்டு ஓடிவந்தவர்கள். எனவே, மூடுகோண நோய் என்றால் கடும் வலிகொண்ட நோய் என்னும் சித்திரம் நூல்களிற் பதிந்தது. ஐரோப்பிய மக்களில் அந்நோய் குறைவாகக் காணப்பட்டமையால், அது அரிதான நோய் என்னும் எண்ணமும் உடன் பதிந்தது. அந்நூல்களைக் கற்றே ஆசிய வைத்தியரும் பட்டம் பெற்றனர்.

இச்சித்திரம் மருத்துவர் மக்களிடம் சென்றபோதுதான் கலைந்தது. 1970களில் டென்மார்க்கைச் சேர்ந்த அல்ஸ்பியர்க், கிறீன்லாந்தின் இனுயிட் மக்களின் கண் முன்னறையை அளந்தார். அம்மக்களின் முன்னறை ஆழங்குறைந்தது. பெண்களில் அது மேலும் குறைந்தது. மூடுகோண நோய் அங்கே மிகுந்திருந்தது. பின்னர், பால் ஃபொஸ்டரும் அவருடைய மொங்கோலியத் தோழரும் வட மொங்கோலியாவின் ஹொவ்ஸ்கொல் மாகாணத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானோரைச் சோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். 40 வயதுக்கு மேற்பட்டோரில் 1.4 வீதத்தினரிடம் மூடுகோணக் குளுக்கோமாவும், 0.5 வீதத்தினரிடம் திறந்தகோண நோயும் காணப்பட்டன. ஐரோப்பிய நூல் சொன்ன விகிதம் இங்கே தலைகீழாயிற்று. சிங்கப்பூரிலும் குவாங்சோவிலும் தமிழ்நாட்டின் வேலூரிலும் நடந்த ஆய்வுகள் இந்நோய் ஆசிய மக்களிடையே பரவலாக உள்ளதை உறுதிப்படுத்தின.

இன்னொன்றும் புலனாயிற்று. ஆசியாவில் இந்நோயுற்றோரில் பெரும்பாலானோருக்கு வலி வந்த வரலாறே இல்லை. கோணம் மெல்ல மெல்ல ஒட்டி, அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, ஓரப்பார்வை முதலிற் போய், நடுப்பார்வை கடைசியிற் போகின்றது. வலியில்லாத நோய்க்கு வைத்தியசாலை தேடிச் செல்பவர் யார்? “வயது போனால் கண் மங்கத்தானே செய்யும்” என்று கூறித் திண்ணையில் அமர்ந்துவிட்ட மூதாட்டி எந்த நூலின் சித்திரத்திலும் இடம்பெறவில்லை. அவள் வராததால் அவளது நோய் அரிதாயிற்று. அரிதென்று கருதியதால் அவளைத் தேடி எவரும் செல்லவில்லை.

இந்த அறியாமையின் விலை என்ன? குவிக்லியும் புரோமனும் 2006இல் வெளியிட்ட மதிப்பீடு இதனைக் கணக்கிட்டுக் காட்டுகின்றது. 2010இல் உலகில் 6 கோடியே 5 இலட்சம் பேர் குளுக்கோமா உடையோராய் இருப்பர் எனவும், அவர்களில் 1 கோடியே 57 இலட்சம் பேரே மூடுகோண வகையினர் எனவும் அவர்கள் மதிப்பிட்டனர். ஆனால், இரு கண்களும் குருடாவோரில் 45 இலட்சம் பேர் திறந்தகோண நோயாலும், 39 இலட்சம் பேர் மூடுகோண நோயாலும் பாதிக்கப்படுவர் என்றனர். தொகையிற் கால்வாசியான நோய், குருட்டில் ஏறத்தாழ அரைவாசிக்குப் பொறுப்பாகின்றது. மூடுகோண நோயாளரில் 87 வீதத்தினர் ஆசியர். 70 வீதத்தினர் பெண்கள். அரிதெனப்பட்ட நோய் யாருடைய வீட்டில் இருந்தது என்பது இவ்வெண்களால் தெளிவாகின்றது.

இந்தப் பின்னணியிலேயே அண்மைக்காலப் படக்கருவிகளை நோக்குதல் வேண்டும். கோணநோக்கலுக்குத் தேர்ந்த கையும் பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டும். கண்ணைத் தொட வேண்டும். ஒளியைச் செலுத்த வேண்டும். செலுத்திய ஒளியே கண்மணியைச் சுருக்கிக் கோணத்தைச் சற்றுத் திறந்துவிடும். வில்லையைச் சிறிது அழுத்திவிட்டாலும் மூடிய கோணம் திறந்தது போலத் தோன்றும். ஒருவர் மூடியது என்றதை இன்னொருவர் திறந்தது எனலாம். ஆகவே, அளக்கவும் பதிந்துவைக்கவும் கூடிய முறை தேவைப்பட்டது.

1990இல் ரொறன்ரோ நகரில் பவ்லினும் அவருடைய தோழர்களும், ஏறத்தாழ 50 மெகாஹேட்ஸ் மீடிறனுடைய கழியொலியைக் கொண்டு, உயிருள்ள கண்ணின் முற்பகுதியைக் குறுக்காக வெட்டியது போற் படமாக்கினர். ஒளி ஊடுருவாத கதிராளியைக் கழியொலி ஊடுருவியது. கதிராளிக்குப் பின்னேயுள்ள பிசிருடல் முன்தள்ளிநின்று கோணத்தை நெருக்கும் கண்களும் உள்ளன என்பது அதனாற் கண்கூடாயிற்று. இத்தகைய கண்களிற் கதிராளியைத் துளைத்த பின்னரும் கோணம் திறவாதிருப்பது ஏன் என்பதும் விளங்கிற்று.

1991இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் அவர்தம் கூட்டாளிகளும், ஓ.சி.ரி. எனச் சுருக்கமாக வழங்கும் ஒளிக்கதிர்ப் படமுறையை வெளியிட்டனர். கழியொலியின் எதிரொலியைப் போன்று, இழையங்களிலிருந்து மீளும் ஒளியைக் கொண்டு படம் வரைவது இம்முறை. 1994இல் அது கண்ணின் முற்பகுதிக்கு விரிவாக்கப்பட்டது. பின்னர் 1310 நனோமீற்றர் அலைநீளமுடைய செந்நிறக்கீழ்க் கதிர் கையாளப்பட்டது; 2005இல் அவ்வகைக் கருவி விற்பனைக்கு வந்தது. இக்கதிர் கட்புலனாகாதது. ஆகவே, இருட்டறையில், கண்மணி விரிந்த நிலையில், கண்ணைத் தொடாமலே கோணத்தைப் படமெடுக்க முடிகின்றது. இருட்டிலேயே கோணம் மிக ஒடுங்குமாதலால் இது சிறிய நன்மையன்று.

ஆனால், புதிய பார்வை புதிய சிக்கலையும் கொணர்ந்தது. 2007இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வொன்றில் 342 கண்கள் இருமுறைகளாலும் சோதிக்கப்பட்டன. கோணநோக்கல் 152 கண்களில் மூடுகோணம் கண்டது. படக்கருவியோ 228 கண்களிற் கண்டது. எஞ்சிய கண்கள் நோயுற்றவையா, இருட்டில் ஒடுங்கி வெளிச்சத்தில் விரியும் நலமான கண்களா? இதற்குப் படம் விடைதராது. கதிராளி கோணத்தைத் தொட்டுநிற்பதைப் படம் காட்டும். தொட்டு நிற்கிறதா, நிரந்தரமாக ஒட்டிவிட்டதா என்பதைப் பெரும்பாலும் வில்லையால் அழுத்திப் பார்த்தே அறிதல் வேண்டும். ஒளிக்கதிர் கதிராளியின் நிறப்படையைத் தாண்டிப் பின்னே செல்வதுமில்லை. இக்காரணங்களாற் கோணநோக்கலே இன்றும் உரைகல்லாக உள்ளது.

ஒடுங்கிய கோணங்களையெல்லாம் லேசர் கதிராற் துளைத்துவிடலாமே என்னும் எண்ணம் இயல்பாக எழுந்தது. இவ்வெண்ணத்தைச் சோதித்தது குவாங்சோ நகரின் சொங்ஷான் ஆய்வு. 50 முதல் 70 வயதுவரையுள்ள, இரு கண்களிலும் கோணம் ஒடுங்கிய, ஆனால் நோய் தோன்றாத 889 பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மாத்திரம் லேசர்த் துளையிட்டனர். மற்றக் கண் ஒப்பீட்டுக்காக விடப்பட்டது. 2019இல் வெளியான முடிவின்படி, ஆறாண்டுகளில் துளையிட்ட கண்களில் 19இலும் துளையிடாதவற்றில் 36இலும் நோயின் அடுத்த நிலை தோன்றிற்று. ஆபத்து பாதியாயிற்று, ஆயின், தொடக்கத்திலேயே ஆபத்து மிகச் சிறிது. கண்டவர்க்கெல்லாம் துளையிடுதல் தகாது என ஆய்வாளர் முடிவுசெய்தனர். 14 ஆண்டுகள் கடந்தபோது அவ்வெண்கள் 33, 105 என உயர்ந்தன. லேசரின் நன்மை அப்போது தெளிவாயிற்று. எனினும், துளையிடாத கண்களிற் பெரும்பாலானவை நலமாகவே இருந்தன.

இதனருகே வேலூர் ஆய்வை வைத்துப் பார்த்தல் பயனுடையது. அங்கே கோணம் ஒடுங்கிய 50 பேரை ஐந்தாண்டுகளின்பின் மீண்டும் சோதித்தபோது, 11 பேரில் நோயின் அடுத்த நிலை காணப்பட்டது. 2003இல் வெளியான இம்முடிவின்படி அது 22 வீதமாகும். வேலூர்த் தொகை சிறிது என்பதையும், இரு ஆய்வுகளின் முறை வேறு என்பதையும் மறத்தலாகாது. ஆனால், ஒரு நகரத்து மக்களிற் பெற்ற முடிவை இன்னொரு நாட்டு மக்கள்மீது ஆராயாமற் பொருத்துவது, முன்னர் ஐரோப்பிய நூல் ஆசியாவுக்கு இழைத்த பிழையையே மீளச் செய்வதாகும் என்பதையும் மறத்தலாகாது.

படக்கருவி தன் உண்மையான பயனை இங்கேதான் காட்டத் தொடங்கியுள்ளது. சொங்ஷான் ஆய்விற் சேகரித்த படங்களை அளந்தபோது, துளையிடாத கண்களிற் கோணம் மிகவும் ஒடுங்கியிருந்தவற்றிலேயே நோய் கூடுதலாக வளர்ந்தது தெரியவந்தது. கதிராளியின் வளைவும் வில்லை முன்தள்ளிய அளவும் இன்று எண்களாகக் கிடைக்கின்றன. பிறிஸ்லி சிமித் அன்று கூறிய பருத்த வில்லை படத்திற் கண்கூடாகின்றது. 2016இல் வெளியான ஈகிள் ஆய்வு, ஐந்து நாடுகளின் 419 நோயாளரை வைத்து, புரையில்லாத வில்லையையும் அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துவது, லேசர்த் துளையிடுவதிலும் கூடிய பயன் தருமெனக் காட்டிற்று. 19ஆம் நூற்றாண்டின் ஊகம் 21ஆம் நூற்றாண்டின் சிகிச்சையாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. மக்களைக் காணாதிருத்தல் ஒரு பிழை. அப்பிழையால் ஆசியாவின் பெண்களும் முதியோரும் இருளில் விடப்பட்டனர். கண்டதையெல்லாம் நோயெனல் மற்றப் பிழை. நலமான கண்ணுக்கும் தழும்பிடும் வணிகத்துக்கு அது வழிதிறக்கும். முதற்பிழையை நீக்க மலிவான வழிகளும் உண்டு. ஒடுங்கிய ஒளிக்கீற்றைக் கண்ணோரத்திற் செலுத்தி முன்னறையின் ஆழத்தை மதிப்பிடும் எளிய முறையை 1969இல் பான் ஹெரிக்கும் அவருடைய தோழர்களும் வெளியிட்டனர். கோணநோக்கும் வில்லை உள்ளங்கையில் அடங்குவது. அதனைக் கையாளத் தெரிந்த வைத்தியரைக் கிராமத்துக்கு அனுப்புவதுதான் அரிய காரியமாக உள்ளது. அக்கல்வியைக் குறைத்துவிட்டு நகரத்தில் ஒரு படக்கருவியை வாங்கி வைப்பதை முன்னேற்றம் எனக் கொள்ள முடியாது. இரண்டாம் பிழையை நீக்க, படத்தின் அளவை அந்தந்த மக்களின் நெடுங்கால வாழ்வோடு வைத்து ஆராயும் பொறுமை வேண்டும்.

நூற்றாண்டுக்கு மேலாக வைத்தியர் கண்ணின் மூலையைக் காணப் போராடினர். பௌதிக விதி விதித்த தடையைக் கண்ணாடியும் ஒலியும் ஒளியும் கடந்துவிட்டன. எஞ்சியுள்ள தடை சமுதாயம் விதித்த தடை. திண்ணையில் இருக்கும் மூதாட்டியின் முன்னே அக்கருவியோ, அக்கருவியை அறிந்த கையோ சென்று சேரும் நாளிலேதான் கோணம் முழுமையாகக் காணப்பட்டது என்று நாம் கூறலாம்.